உலர்புல்லைத் திரும்பிக்கூடப் பார்க்காத முயலைத் தின்ன வைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

எங்கள் முயல் மிளகு வீட்டுக்கு வந்தபோது அதற்கு எட்டு மாதம் இருக்கும். முன்பு வளர்த்தவர்கள் வேலை மாறி வெளியூர் போனதால் கூண்டு, தண்ணீர் பாட்டில், கலர் கலராக ஒரு டப்பா தீவனம் என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். “கேரட்னா உயிரை விடும். புல் மட்டும் தொடாது” என்று ஒரு குறிப்பும் கொடுத்தார்கள்.

ஆன்லைனில் டிமோத்தி புல் பாக்கெட் ஒன்று வாங்கினேன். விலையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. பிரித்துக் கூண்டின் மூலையில் பரப்பி வைத்தேன். மிளகு வந்து முகர்ந்தது, அதன் மேல் ஏறி உட்கார்ந்தது, சிறுநீர் கழித்தது, போய்விட்டது. மூன்று வாரம் அந்த விலையுயர்ந்த புல் கழிப்பறையாகத்தான் பயன்பட்டது.

அதன் தட்டில் நாள் முழுக்க வேறு தீனி இருந்ததால் புல்லுக்குத் தேவையே வரவில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. புல் தின்னாத பெரும்பாலான முயல்களின் கதை இதுதான். மீதிக் கொஞ்சத்துக்கு வாயில் வலி. எனவே புல் பிராண்டை மாற்றுவதில் தொடங்காதீர்கள். முதலில் வாய், அடுத்து தட்டு, அதற்குப் பிறகுதான் புல்.

புல் ஏன் அவ்வளவு முக்கியம்

முயலுக்கு மொத்தம் 28 பற்கள். அத்தனையும் ஆயுள் முழுக்க வளரும். முன்பற்கள் வாரத்துக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். புல்லை மெல்லும்போது கீழ்த்தாடை ஆட்டுக்கல் குழவி மாதிரி பக்கவாட்டில் சுற்றிச் சுற்றி அரைக்கும். கடைவாய்ப் பற்கள் தேய்வது அந்த அரைப்பில்தான். பெல்லட் எனும் குச்சித் தீவனத்தையும் கேரட்டையும் மேலும் கீழுமாக நொறுக்கி விழுங்கிவிடும் என்பதால் தேய்மானம் போதாது. தேயாத பல்லின் ஓரம் முள் போல நீண்டு நாக்கையோ கன்னத்தையோ குத்தும்.

குடலும் நாரை நம்பித்தான் ஓடுகிறது. முரட்டு நாரைக் குடல் தனியாகப் பிரித்து உருண்டைப் புழுக்கையாக வெளியே தள்ளும். பொடியான பகுதியைப் பின்னால் திருப்பிக் குடல் பைக்கு அனுப்பும். அங்கே நுண்ணுயிரிகள் அதை நொதிக்க வைத்துச் சத்தாக்கும். அது பளபளப்பான, மெத்தென்ற சிறு திராட்சைக் கொத்து போல வெளிவரும். முயல் அதை ஆசனவாயிலிருந்தே எடுத்துத் தின்றுவிடும். பார்த்துவிட்டு “ஐயே” என்று விரட்டாதீர்கள், அது அதற்கு இரண்டாம் பந்தி. நார் குறைந்து மாவும் சர்க்கரையும் கூடினால் இந்த ஏற்பாடு குழம்பும். குடல் மெதுவாகும், சில சமயம் நின்றே போகும். முயலால் வாந்தியும் எடுக்க முடியாது.

ஆகவே வளர்ந்த முயல் தின்பதில் எண்பது சதவீதத்துக்கு மேல் புல்லாக இருக்க வேண்டும். தினமும் அதன் உடம்பு அளவுக்கு ஒரு குவியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பச்சைப் புல்லும் இந்தக் கணக்கில் சேரும்.

முதல் படி: வாயையும் புழுக்கையையும் பாருங்கள்

புழுக்கையில் ஆரம்பிக்கலாம், அதற்கு முயலைப் பிடிக்க வேண்டியதில்லை. புல் நன்றாகத் தின்னும் முயலின் புழுக்கை கொண்டைக்கடலையைவிடச் சற்றுச் சிறியதாக, ஒரே அளவாக, வெளிர் பழுப்பாக இருக்கும். விரலால் நசுக்கினால் மரத்தூள் போல உதிரும், உள்ளே புல்லின் துணுக்குகள் தெரியும், நாற்றம் இருக்காது. மிளகுடையது அப்போது மிளகு அளவில்தான் இருந்தது. கறுப்பாக, கல் மாதிரி, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக. (பெயர் அதற்காக வைத்ததில்லை. அது நிறத்துக்காக.)

அடுத்து வாய். கீழே உள்ளவற்றில் ஏதாவது தெரிந்தால் புல் பழக்கும் வேலையை ஒத்திவைத்து மருத்துவரிடம் போங்கள்:

- ஆசையாகப் புல்லை எடுக்கிறது, இரண்டு மெல்லு மென்றதும் கீழே போட்டுவிடுகிறது
- தாடையும் கழுத்தும் எச்சிலில் ஈரமாக இருக்கிறது
- ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிகிறது
- முன்பு தின்ற கடினமான பொருளை விட்டுவிட்டு மெத்தென்றதை மட்டும் தேடுகிறது
- தாடை எலும்பைத் தடவினால் ஒரு பக்கம் மேடு தட்டுகிறது

முன்பற்கள் அழகாக இருப்பதால் வாய் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. கோளாறு பெரும்பாலும் கடைவாயில்தான். அங்கே விளக்கோடு கூடிய கருவியை விட்டுப் பார்க்க வேண்டும், சில முயல்களுக்கு மயக்க மருந்தே தேவைப்படும். நான் முதலில் போன கிளினிக்கில் உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு “பல் நல்லாருக்கு” என்று அனுப்பிவிட்டார்கள். நாய், பூனைக்குக் கைதேர்ந்த மருத்துவர்களில் எல்லாரும் முயல் பார்த்திருக்க மாட்டார்கள், கேட்டுவிட்டுப் போவது நல்லது. அக்கம்பக்கத்தில் அப்படி யாரும் இல்லையென்றால் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளில் விசாரிக்கலாம்: சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி.

ஒரு எச்சரிக்கையும் இங்கேயே. வாய்வழியாகக் கொடுக்கும் அமாக்சிசிலின், பென்சிலின் வகை மருந்துகள் முயலின் குடல் நுண்ணுயிரிகளை அழித்து உயிரையே வாங்கக்கூடியவை. வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கும் யோசனை வேண்டவே வேண்டாம்.

இரண்டாம் படி: தட்டைக் குறையுங்கள், பட்டினி போடாதீர்கள்

சோளம், சூரியகாந்தி விதை, சிவப்பும் பச்சையுமான பொரி போன்ற துண்டுகள் கலந்த தீவனம் உங்களிடம் இருந்தால், மாற்ற வேண்டிய முதல் பொருள் அது. முயல் இனிப்பானதைப் பொறுக்கித் தின்றுவிட்டு நாருள்ளதை ஒதுக்கும், கல்யாண வீட்டில் சாம்பாரை ஒதுக்கிவிட்டுப் பாயசம் மட்டும் குடிக்கும் பிள்ளை மாதிரி. ஒரே நிறத்தில், ஒரே வடிவில் உள்ள குச்சித் தீவனத்துக்கு மாறுங்கள். நம்மூர்த் தீவனக் கடைகளில் “முயல் தீவனம்” என்று மூட்டையில் கிடைப்பது பெரும்பாலும் பண்ணை முயல்களுக்கானது. சில மாதங்களில் எடை ஏற்றி விற்க வேண்டிய முயலுக்கு அது சரி. எட்டு, பத்து வருடம் நம்மோடு வாழ வேண்டிய முயலுக்கு அதைத் தட்டு நிறையப் போட்டால் குண்டாகிவிடும்.

வளர்ந்த முயலுக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 25 கிராம் பெல்லட்டுக்கு மேல் வேண்டாம். 2 கிலோ முயலுக்கு 50 கிராம். சமையலறைத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். நான் “கொஞ்சம்தானே” என்று அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தது 120 கிராம் வந்தது.

ஒரே நாளில் குறைக்கக் கூடாது. 120 கிராமிலிருந்து முதல் வாரம் 100, அடுத்த வாரம் 80, பிறகு 65, பிறகு 50 என்று இறக்கினேன். இரண்டு பங்காகப் பிரித்துக் காலையில் பாதி, ராத்திரியில் பாதி. தட்டு காலியாக இருக்கும் நடு நேரத்தில்தான் முயல் புல்லைத் தேடிப் போகும்.

இனி கேரட்டுக்கும் மற்றத் தின்பண்டங்களுக்கும் வருவோம். கார்ட்டூன் முயல்கள் கேரட் கடித்துக் கடித்து நம் தலையில் அதை உணவாகவே பதிய வைத்துவிட்டன. கேரட்டில் சர்க்கரை அதிகம். வாரத்துக்கு ஓரிரு முறை கட்டைவிரல் நகம் அளவு துண்டு போதும். கேரட் இலையைத் தாராளமாகக் கொடுக்கலாம். வாழைப்பழம், ஆப்பிள் எல்லாம் அதே கணக்கு. சோறு, சப்பாத்தி, பிஸ்கட், பொரி அடியோடு நிறுத்த வேண்டும். எங்கள் வீட்டில் இதுதான் கஷ்டமான கட்டம். என் மாமியார் யாருக்கும் தெரியாமல் மாரி பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருந்தார். “பாவம், வாயில்லா ஜீவன், கேக்குது” என்றார். வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்துப் பேசாமல் இந்தப் படியைத் தாண்ட முடியாது.

“பசித்தால் தானாகத் தின்னும்” என்று எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்துகிறவர்கள் உண்டு. ஆட்டுக்கோ நாய்க்கோ அது பொருந்தலாம், முயலுக்குப் பொருந்தாது. 12 மணி நேரம் எதுவுமே தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் அது அவசர நிலை. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. குறைக்கும் வாரங்களில் வாரம் ஒருமுறை எடை பாருங்கள். 2 கிலோ முயல் ஒரு வாரத்தில் 100 கிராம் இறங்கினால் குறைப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேளுங்கள்.

மூன்றாம் படி: எந்தப் புல்

டிமோத்தி என்பது குளிர் நாட்டுப் புல். நம் வெயிலுக்கு வராது, அதனால் இறக்குமதி விலை. அது நல்ல புல்தான், ஆனால் அது மட்டும்தான் முயல் உணவு என்று நினைத்துக்கொண்டு பர்ஸைக் காலி செய்ய வேண்டாம். வெளிநாடுகளில் பெர்முடா ஹே என்று பாக்கெட் போட்டு விற்கிறார்களே, அந்தப் பெர்முடா புல் வேறொன்றுமில்லை, நம் பிள்ளையார் கழுத்தில் மாலையாகக் கிடக்கும் அருகம்புல்தான்.

மெல்லிய தண்டு, சின்ன இலை, காய்ந்தாலும் பச்சை வாசனை போகாது. புல் தொடாத முயலுக்கு முதலில் கொடுத்துப் பார்க்க இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. பூக்கடையில் கட்டு வாங்கினால் கட்டுப்படியாகாது. கிராமத்தில் உறவினர் இருந்தால், அல்லது ஊருக்குப் போய்வரும் வழியில் வரப்போரம் அறுக்கலாம்.

கொங்குப் பக்கம் இருக்கிறவர்களுக்குக் கொழுக்கட்டைப் புல் தெரிந்திருக்கும். காங்கேயம் மாடுகள் மேயும் கொரங்காடுகளில் வளர்வது இதுதான். வறட்சியைத் தாங்கும், காய வைத்தால் நல்ல உலர்புல்லாகும். கினியா புல்லின் இலையும் நன்றாகக் காயும். கம்பு நேப்பியரில் தண்டு தடிமன். முயல் இலையை உருவிக்கொண்டு தண்டை விட்டுவிடும், அதனால் இலையை மட்டும் அறுத்துக் காய வைக்கலாம். இளம் சோளப் பயிர் வேண்டாம், அதில் மாட்டையே சாய்க்கும் நஞ்சு உண்டு.

குதிரைமசால், வேலிமசால் இரண்டும் புல்லினம் இல்லை, பயறு வகை. புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளுக்கும் பாலூட்டும் தாய்க்கும் கொடுக்கலாம். வளர்ந்த முயலுக்குத் தினமும் கொடுத்தால் சிறுநீர்ப்பையில் சுண்ணாம்பு படியும், சிறுநீர் சுண்ணாம்புக் கரைசல் மாதிரி வரும்.

வைக்கோல் பற்றிப் பலர் கேட்கிறார்கள். மாட்டுக்கு ஆகிறது, முயலுக்கு ஆகாதா? நெல் முற்றி அறுத்த பிறகு மிஞ்சும் தாள் அது. சத்து எல்லாம் மணிக்குப் போயிருக்கும், மணற்சத்து ஏறி முரடாகவும் இருக்கும். படுக்கையாகப் போடலாம், அதில் ஒன்றிரண்டு கடித்தால் ஒன்றும் ஆகாது. சாப்பாடாகக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

நான்காம் படி: அருகம்புல்லை வீட்டிலேயே காய வைத்தல்

புல் பூ எடுப்பதற்குச் சற்று முன்பு அறுக்க வேண்டும். பனி காய்ந்த பிறகு, காலை பத்து மணிவாக்கில் அறுப்பது உத்தமம். சாலையோரப் புல்லும், களைக்கொல்லி அடித்த வரப்பும், தெருநாய்கள் புழங்கும் காலி மனையும் வேண்டாம். களைக்கொல்லி அடித்தார்களா என்பதை நிலத்துக்காரரிடம் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும்; பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

வீட்டுக்கு வந்ததும் பாயில் கொட்டிப் பிரியுங்கள். பார்த்தீனியம் இருக்கும், பொறுக்கி எறியுங்கள். நெருஞ்சி முள் கட்டாயம் இருக்கும். வேட்டியில் ஒட்டிக்கொண்டு வருமே, அந்த ஊசி மாதிரிப் புல் விதைகளையும் எடுத்துவிடுங்கள். முயலின் கண்ணிலும் ஈறிலும் ஏறிவிடும். இந்தப் பொறுக்கும் வேலைக்கு அரை மணி நேரம் ஆகும். அரிசியில் கல் பொறுக்கிய தலைமுறையிடம் கொடுத்தால் பத்து நிமிடம்.

அழுக்கு இருந்தால் அலசி, உதறி, மொட்டை மாடியில் பழைய சேலையை விரித்து மெல்லிசாகப் பரப்புங்கள். ஒரு பகல் வெயில், அதற்குப் பிறகு காற்றோட்டமான நிழலில் இரண்டு மூன்று நாள். தினமும் இரண்டு தடவை புரட்ட வேண்டும். முழுக்க வெயிலிலேயே விட்டால் நிறம் வெளுத்து, வாசனை போய், வைக்கோல் மாதிரி ஆகிவிடும். ஒரு கைப்பிடி எடுத்து முறுக்கிப் பாருங்கள்: தண்டு சரசரத்து முறிய வேண்டும். துவண்டு வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. நான்கு கிலோ பச்சைப் புல்லுக்கு ஏறக்குறைய ஒரு கிலோதான் தேறும்.

முதல் முறை அம்மாவிடம் போனில் சொன்னேன். “மாட்டுக்குக்கூட நாங்க இப்படிப் புரட்டிப் புரட்டிக் காய வெச்சதில்லடி” என்றார். ஆனால் அடுத்த முறை ஊரிலிருந்து அப்பா வந்தபோது ஒரு சாக்கு நிறையப் புல் வந்தது.

சேமிக்கும்போது காற்றுப் போகும் துணிப்பையோ சணல் சாக்கோ அட்டைப் பெட்டியோ வேண்டும். பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

ஐந்தாம் படி: எங்கே வைக்கிறீர்கள் என்பது பாதி வேலை

முயலுக்குத் தின்றுகொண்டே புழுக்கை போடும் பழக்கம் உண்டு. எனவே கழிப்புத் தட்டும் புல்லும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். அகலமான பிளாஸ்டிக் டப்பில் அடியில் செய்தித்தாள், ஒரு ஓரத்தில் புல் குவியல். முயல் ஒரு பக்கம் உட்கார்ந்து மறுபக்கம் எட்டித் தின்னும். மேலே கொஞ்சம் அசிங்கமாகும் புல் வீணாகத்தான் செய்யும். அந்த வீணுக்கு அழுதால் முயல் புல் தின்னாது. ஈரமான பகுதியை மட்டும் எடுத்துவிட்டு மேலே புதிது போட்டால் போதும்.

கூண்டில் மாட்டும் சின்னக் கம்பிக் கூடைகள் எனக்குப் பிடிப்பதில்லை. ஒவ்வொரு இழையாக இழுத்து அலுத்துப்போய் முயல் விட்டுவிடுகிறது. கழுத்துக்கு மேல் உயரத்தில் மாட்டினால் தூசும் கண்ணில் விழும். தரையில், தாராளமாக, குவியலாக வையுங்கள்.

முயல் சுறுசுறுப்பாக இருப்பது விடியற்காலையிலும் அந்தியிலும். புதுப் புல்லை மதியம் போட்டுவிட்டு அது தின்னவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். காலை ஐந்தரைக்கும் மாலை ஆறுக்கும் ஒவ்வொரு கைப்பிடி புதிதாகப் போடுங்கள். நேற்றைய குவியலையே உதறிக் கிளறி வைத்தாலும் புதிது என்று நினைத்து வந்து பார்க்கும். நான் இன்றும் செய்கிற ஏமாற்று வேலை அது.

ஆறாம் படி: ஆசை காட்டுங்கள்

இத்தனைக்கும் மசியாத முயலுக்குச் சில வழிகள். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம்.

காய வைத்த புதினா, கொத்தமல்லி, துளசியைக் கையால் கசக்கிப் புல் மேல் தூவிக் கலந்துவிடுங்கள். மிளகு முதன்முதலில் புல்லுக்குள் மூக்கை நுழைத்தது புதினாவுக்காகத்தான். தூளைத் தேடும்போது இரண்டு இழை வாயோடு போனது. அன்று அது மெல்லும் சத்தத்தைக் கேட்க நான் தரையில் படுத்தேவிட்டேன்.

பெல்லட்டைத் தட்டில் போடாமல் புல் குவியலுக்குள் சிதறவிடுங்கள். டாய்லெட் ரோலின் அட்டைக் குழாயில் புல்லைத் திணித்து நடுவில் இரண்டு பெல்லட் வைத்தால், இழுத்துப் பிய்த்து விளையாடிக்கொண்டே தின்னும். புல் நீளமாக இருந்தால் கத்தரித்து விரல் நீளமாக்கிப் பாருங்கள், சில முயல்களுக்கு அது பிடிக்கிறது. லேசாகத் தண்ணீர் தெளித்தால் வாசனை எழும்; ஆனால் தெளித்த புல்லை நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் விட்டுவைக்கக் கூடாது.

பச்சை அருகம்புல்லில் ஆரம்பித்து, பாதி காய்ந்தது, முக்கால்வாசி காய்ந்தது என்று மெல்ல உலர்புல்லுக்குக் கொண்டுபோவதும் ஒரு வழி. முழுக்கக் கூண்டில் பெல்லட்டிலேயே வளர்ந்த முயலுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பச்சையை முதல் நாள் ஒரு பிடி மட்டும் கொடுத்து, புழுக்கை சரியாக இருந்தால் மறுநாள் கூட்டுங்கள். புல்வெட்டும் இயந்திரத்தில் அரைபட்ட புல் சூடாகி நொதித்துவிடும், அதைக் கொடுக்கக் கூடாது.

இன்னொரு முயல் புல் தின்பதைப் பார்த்தால் இதுவும் தின்னும் என்பார்கள். உண்மைதான், ஆனால் புல் தின்ன வைப்பதற்காக இன்னொரு முயல் வாங்குவது கொஞ்சம் அதிகம்.

எவ்வளவு நாள் ஆகும்

குட்டியாக இருந்தால் ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்ளும். மிளகுக்கு ஏழு வாரம் ஆயிற்று. நான்காம் வாரத்தில் புழுக்கையின் நிறம் வெளுக்கத் தொடங்கியது. அதுதான் எனக்குக் கிடைத்த முதல் நல்ல செய்தி. நடுவில் இரண்டு மூன்று நாள் பின்வாங்கும். அப்போது மனமிளகி பெல்லட்டைக் கூட்டினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். புழுக்கை அளவு குறையாமலும் எடை இறங்காமலும் இருக்கும் வரை பொறுத்திருக்கலாம்.

வெயிலும் மழையும்

சித்திரை, வைகாசியில் நன்றாகப் புல் தின்கிற முயலும் பாதியாகக் குறைத்துவிடும். 30 டிகிரியைத் தாண்டினாலே முயலுக்குச் சிரமம், நம்மூரில் அது 40 வரை போகிறது. பகலில் தண்ணீரை உறைய வைத்த பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள், புல்லை இரவுக்கு மாற்றுங்கள். உலர்புல் தின்கிற முயலுக்குத் தண்ணீர் நிறைய வேண்டும். நக்கிக் குடிக்கும் பாட்டிலைவிட கனமான மண் சட்டியில் வைத்தால் அதிகம் குடிக்கும். சட்டியைக் கவிழ்க்க முடியாத அளவுக்குக் கனமாகப் பார்த்து வாங்குங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் பிரச்சினை புல்லுக்கு. அடைமழையில் எப்படிக் கட்டி வைத்தாலும் ஈரம் ஏறும். எனவே புரட்டாசி முடிவதற்குள் இரண்டு மாதத்துக்குக் காய வைத்துச் சேர்த்துவிடுகிறேன். சாக்கைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரில் படாமல். வாரம் ஒருமுறை கையை உள்ளே விட்டுப் பார்ப்பேன். நடுவில் கதகதப்பாக இருந்தால் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம், உடனே பிரித்து மின்விசிறிக்குக் கீழே பரப்ப வேண்டும். பழைய புத்தக வாடையோ வெள்ளைத் தூளோ தெரிந்தால் அந்தப் பகுதியை மட்டும் கிள்ளிப் போட்டுவிட்டு மீதியைக் கொடுக்கலாமா என்று யோசிக்காதீர்கள். அந்தக் கட்டு முழுவதும் செடிக்கு உரம்.

போன மழைக்கு அப்படி ஒரு சாக்கை ஹாலில் பிரித்துப் பரப்பியிருந்தேன். காலையில் எழுந்து பார்த்தால் மிளகு அதன் நடுவில் உட்கார்ந்திருந்தது. ஓரத்தில் கொஞ்சம் சிறுநீர், நடுவில் ஒரு முழம் அகலத்துக்குப் புல்லே இல்லை.